பழுதான கொசு பேட்டையும் எமர்ஜென்சி லைட்டையும் குப்பை வண்டியில் போடலாமா?

போடக் கூடாது. சார்ஜ் நிற்காத கொசு பேட், எமர்ஜென்சி லைட், ட்ரிம்மர் மூன்றும் கிடப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் உள்ளே என்ன பேட்டரி என்று பாருங்கள். லேபிளில் 4 அல்லது 6 வோல்ட் என்றிருந்து, சிறியதாய் இருந்தும் கையில் கனத்தால், பெரும்பாலும் லெட் ஆசிட், அதாவது ஈயமும் ஆசிட்டும் உள்ள பேட்டரி. 3.7 வோல்ட் என்றால் லித்தியம். 1.2 அல்லது 2.4 என்றால் நிக்கல்.

பயப்பட வேண்டியது லித்தியத்துக்குத்தான். குப்பை லாரியில் அழுத்தும்போது பேட்டரி நசுங்கினால் உள்ளே ஷார்ட் ஆகி, குப்பையோடு தீப்பிடிக்கும். ‘செத்துப்போன’ பேட்டரியிலும் அதற்குப் போதுமான சார்ஜ் மிச்சம் இருக்கலாம்.

பேட்டரியைத் தனியே எடுக்கக் கொசு பேட்டைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரால் வெளி வலையையும் நடு வலையையும் சேர்த்துத் தொடுங்கள். ‘பட்’ என்று பொறி வந்தால் கெபாசிட்டரில் தங்கியிருந்த மின்சாரம் இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு கைப்பிடியின் திருகுகளைக் கழற்றுங்கள். சிவப்பு, கறுப்பு இரண்டு வயர்களையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள். கட்டிங் பிளேயரே ஷார்ட் ஆக்கிவிடும். சிவப்பை வெட்டி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றியபின் கறுப்பு.

சீல் வைத்த ட்ரிம்மரை நெம்பிப் பிளக்க வேண்டாம், முழுசாகவே கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உலர்ந்த மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, மூடியை இறுக்காமல், வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

லெட் ஆசிட்டைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காசுக்கு ஆசைப்படாதீர்கள். முறையில்லாமல் உடைக்கும் இடங்களில் ஆசிட் சாக்கடைக்குப் போகிறது, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குகிறார்கள். அந்தத் தூசி மண்ணில் படிந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கடைகள் பழையதை எடுத்துக்கொள்வது வழக்கம். சின்னதையும் எடுப்பார்களா என்று கேளுங்கள். ஆசிட் கசிந்திருந்தால் கையுறை போட்டு, சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் துடையுங்கள்.

2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. அதனால் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் தயங்காமல் கேட்கலாம். மீதியுள்ள பிளாஸ்டிக், சர்க்யூட் போர்டு எல்லாம் மின்கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது உப்பியதைத் தனியாகக் காட்டிச் சொல்லிவிடுங்கள், மற்றவற்றோடு ஒரே மூட்டையில் போட்டுவிடப் போகிறார்கள்.