கூர்ச் சுருட்டு: வன்னி வாசகர் கேட்டவை

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மருமகன் கியூபாச் சுருட்டு தந்தார். ஒரு முனை கூர். எந்தப் பக்கம் வாய்க்கு? (மாங்குளம்)

கூர்ப்பக்கம் வாய்க்கு, அகன்ற பக்கம் நெருப்புக்கு. கூர்ப்பக்கம் மேலிலையால் மூடியிருக்கும். மற்றப் பக்கத்தில் உள்ளிலைகள் வெளியே தெரியும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது பிரமிட் வகை. மொன்டெக்ரிஸ்டோ நம்பர் 2 என்ற கியூபாச் சுருட்டு அதற்குப் பேர்போனது: நீளம் 156 மில்லிமீற்றர், பருமன் 52 வளையம். ஒரு வளையம் என்பது அங்குலத்தை 64ஆகப் பிரித்ததில் ஒன்று. அப்படிப் பார்த்தால் 52 வளையம் ஏறக்குறைய 21 மில்லிமீற்றர். கடைக்காரர்கள் இதையே டோர்பிடோ என்றும் சொல்வார்கள். பழைய கணக்கில் டோர்பிடோ என்பது நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கியது. பெலிகோசோ இவற்றைவிடக் கட்டை, கூரும் சற்று மழுங்கல்.

கேள்வி: பிளேட்டால் நுனியைச் சீவினேன். இழுக்க இழுக்கக் கன்னம்தான் நோகிறது. சுருட்டில் குறையா? (பரந்தன்)

பெரும்பாலும் குறை சுருட்டில் இல்லை, துவாரம் சிறிது. கூர்ச் சுருட்டின் அருமையே இதுதான். நேர்ச் சுருட்டை ஒரு தடவை வெட்டினால் காற்றோட்டம் அவ்வளவுதான். கூரில் அதை நீங்கள் தீர்மானிக்கலாம். முதலில் 3 மில்லிமீற்றர் மட்டும் வெட்டுங்கள். பற்ற வைக்காமல் இழுத்துப் பாருங்கள். காற்று இறுக்கமாக வந்தால் இன்னும் 1 மில்லிமீற்றர், பிறகு இன்னும் 1. ஒவ்வொரு வெட்டிலும் வட்டம் அகலும், புகையும் கூடும். ஒரேயடியாக ஆழ வெட்டினால் மேலிலையைப் பிடித்து நிற்கும் சுற்று அவிழ்ந்து, குடிக்கும்போதே இலை உரியும். நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், மேலிலை சுற்றி வந்து முடியும் கோடு தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டி வெட்டக் கூடாது.

பிளேட்டை விடுங்கள், அது நுனியை நசுக்கும். இரண்டு அலகு உள்ள வெட்டி வாங்குங்கள். துளை குத்தும் கருவி கூருக்குப் பொருந்தாது. சரியாக வெட்டியும் இறுக்கம் போகாவிட்டால் மட்டும் சுற்றியவரைக் குறை சொல்லலாம். கூருக்குள் உள்ளிலையை அளவாக அடக்குவது கடினம். அதனால்தான் இவ்வடிவங்களைக் கைதேர்ந்தவர்களிடம் கொடுக்கிறார்கள்.

கேள்வி: இரண்டு பக்கமும் கூரானது கிடைத்திருக்கிறது. அடிப்பக்கத்தையும் வெட்டுவதா? (முல்லைத்தீவு)

வேண்டாம். அது பெர்பெக்டோ. 1996இல் வந்த கியூபாவின் குவாபா சுருட்டுகள் எல்லாமே இந்த உருவம்தான். வாய்ப்பக்கத்தை மட்டும் வெட்டி, ஒடுங்கிய அடியைப் பற்ற வையுங்கள். சின்ன முனை என்பதால் ஒரு தீக்குச்சியே போதும். முதல் சில இழுப்பு இறுக்கமாக இருக்கும், மேலிலையின் சுவையே முன்னுக்கு நிற்கும். நெருப்பு பருத்த இடத்துக்கு ஏறியதும் உள்ளிலை சேர்ந்து எரிந்து, புகை திரண்டு வரும். அந்த மாற்றம் தெரிய வேண்டுமென்றால் அவசரப்படாதீர்கள்.

கேள்வி: கடைசியில் கைக்கிறது. (வவுனியா)

புகையின் பிசினும் ஈரமும் ஒடுங்கிய நுனியில் சேரும். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம். கைப்புத் தட்டினால் நுனியில் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வைத்துவிடுங்கள்.

கேள்வி: புகையை விழுங்காவிட்டால் தீங்கில்லைத்தானே? (நெடுங்கேணி)

தீங்குதான். சுருட்டுப் புகையின் நிக்கொட்டின் வாயின் உட்தோலாலேயே உடம்பில் ஏறும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு எந்த வடிவமும் விலக்கல்ல. 21 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலை விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பேரப்பிள்ளையைக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: சோளகத்தில் வைத்த சுருட்டு கூரில் வெடித்துவிட்டது. (கிளிநொச்சி)

காய்ந்த காற்றில் மேலிலை சுருங்கும், இழுத்து ஒட்டிய கூர்தான் முதலில் பிளக்கும். இறுக மூடும் பெட்டியில், 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் காக்கும் பொதியோடு வையுங்கள். மாரியில் பூஞ்சணம் பார்க்க வேண்டும். வெக்கையில் வண்டு முட்டை பொரிக்கும். ஊசித்துளை கண்டால் பையில் இறுக அடைத்து உறைபெட்டியில் மூன்று நாள், பிறகு குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து வெளியே எடுங்கள்.