பாரம்பரியத் தக்காளி என்றால் என்ன? பெங்களூரு மொட்டை மாடியில் வளருமா?

பழத்திலிருந்தே விதை எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ரகம்தான் பாரம்பரியத் தக்காளி. அமெரிக்காவின் பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் போன்றவை அப்படி வந்தவை.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். அதனால் குணம் மாறாது. உறை மோர் மாதிரிதான்: நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் போதும், இன்றும் அதே தயிர். ஹைபிரிட் இரண்டு ரகங்களின் கலப்பு. ஹெசரகட்டாவில் உருவான அர்கா ரக்ஷக் அந்த வகை. அதன் விதையைப் போட்டால் செடிக்குச் செடி வேறுபடும்.

பெங்களூரு இதற்கு நல்ல ஊர். இரவில் சூடு 24 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அந்தத் தொல்லை குறைவு. செப்டம்பர் கடைசியில் மழை படாத இடத்தில் நாற்று விடுங்கள். நவம்பரில் பெரிய தொட்டிக்கு மாற்றினால் ஜனவரி, பிப்ரவரியில் பழம்.

விதை எடுப்பதைத் தவற விடாதீர்கள். நன்கு பழுத்த பழத்தின் விதையை வழவழப்போடு டம்ளரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு 2, 3 நாள் வையுங்கள். புளித்த வாடை வரும், மேலே வெள்ளை ஆடை படியும், நல்ல விதை அடியில் தங்கும். அப்புறம் அலசித் தட்டில் நிழலில் காயவையுங்கள்; காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பாரம்பரிய ரகத்துக்கு நோயே வராது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, இலைக்கருகல் பல பழைய ரகங்களை எளிதில் தாக்கும், அதனால் தண்ணீரை வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.