கிரீன் கார்டில் எந்த எண் எது? கேள்வி பதில்

முதலில் ஒரு வேண்டுகோள். கார்டையோ விசாவையோ படம் எடுத்து அனுப்பாதீர்கள். எழுத்தில் கேட்டாலே போதும்.

கேள்வி: அம்மா, அப்பாவுக்கு மும்பையில் குடியேற்ற விசா கிடைத்துவிட்டது. கார்டுக்கான கட்டணம் செலுத்தப்போனால் 'ஏ' எண் கேட்கிறது. கார்டே வரவில்லையே?

பதில்: 'ஏ' எண் என்பது குடியேறுபவர் ஒவ்வொருவருக்கும் அமெரிக்க அரசு தரும் பதிவு எண். கார்டுக்கு முன்பே அதைக் கொடுத்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் 'ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்' என்ற இடத்தைப் பாருங்கள். 'ஏ' என்ற எழுத்தும் இலக்கங்களும் இருக்கும். அதுதான் நீங்கள் தேடுவது. 'ஐவி கேஸ் நம்பர்' (குடியேற்ற விசா விண்ணப்பத்தின் எண்) என்று இன்னொன்றும் உண்டு. மும்பை என்றால் 'பிஎம்பி' என்று தொடங்கும். கட்டணம் செலுத்த இரண்டும் வேண்டும். கீழே சிவப்பு மையில் இருப்பது விசாத்தாளின் எண், இதற்கு உதவாது. அம்மாவின் எண் வேறு, அப்பாவின் எண் வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். விமான நிலையத்தில் முத்திரை குத்தியதும் அந்த விசாவே ஓராண்டுக்குக் கிரீன் கார்டாகச் செல்லும்.

கேள்வி: வேலைக்குச் சேரும்போது 'டாக்குமென்ட் நம்பர்' கேட்டார்கள். 'ஏ' எண்ணைக் கொடுத்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: கார்டைத் திருப்புங்கள். பின்பக்கம் கீழே மூன்று வரிகள். முதல் வரி 'சி1யுஎஸ்ஏ' என்று தொடங்கும். அடுத்த ஒன்பது இலக்கங்கள் உங்கள் 'ஏ' எண். அதற்கடுத்த ஒற்றை இலக்கம் சரிபார்ப்புக்கு. பலர் அதையும் சேர்த்துப் பத்தாக எழுதிவிடுகிறார்கள். பிறகு வரும் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும்தான் அவர்கள் கேட்டது.

கேள்வி: சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் 'ஏ' எண்ணும் ஒன்றா?

பதில்: இல்லை. அதைக் கொடுப்பது வேறு துறை.

கேள்வி: என் 'ஏ' எண்ணில் எட்டு இலக்கம்தான். கடைசியில் சைபர் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. 'ஏ'வுக்கு அடுத்து, முன்னால்தான் சேர்க்கவேண்டும்.

மறுப்பு: எட்டு இலக்கத்தையே கொடுத்தார்கள் என்றால் நாம் கைவைக்கலாமா? கடைசியில் சேர்த்த என் நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதில்: நண்பர் தப்பித்ததை வழிமுறையாக்காதீர்கள். 12345678 என்பதன் முன்னால் சைபர் போட்டால் மதிப்பு மாறாது. பின்னால் போட்டால் 123456780 ஆகிவிடும். அது வேறு யாரோ ஒருவருடைய கோப்பாக இருக்கலாம். கார்டின் முன்பக்கமே மும்மூன்றாகப் பிரித்து ஒன்பது இலக்கம் அச்சிட்டிருக்கிறது. சைபரால் தொடங்கும் எண் சைபரோடுதான் இருக்கும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

கேள்வி: கார்டு தொலைந்துவிட்டது. எண்ணும் நினைவில்லை.

பதில்: ஒப்புதல் கடிதத்தில் இருக்கும். விசாவோடு வந்தவர் என்றால் பழைய பாஸ்போர்ட்டில் தேடுங்கள்.

கேள்வி: கார்டைப் புதுப்பித்தேன். குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு புதிய கார்டிலிருந்தா?

பதில்: கார்டில் 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று போட்டிருக்கும் தேதியிலிருந்து. மற்றதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: 'ஏ' எண் எங்கே இருக்கிறது? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: கார்டின் முன்பக்கம், 'யுஎஸ்சிஐஎஸ்' (அமெரிக்கக் குடியேற்றத் துறையின் சுருக்கப் பெயர்) என்ற சொல்லுக்குக் கீழே. படத்தை உடனே நீக்குங்கள்.