சராசரி மனிதர் என்று ஒருவர் இல்லை

கேள்வி: செயற்கை நுண்ணறிவு சராசரி மனிதனை மையமாகக் கொண்டு இயங்க வேண்டும் என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: 'சராசரி மனிதன்' என்ற தொடரை இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் எங்கு கண்டாலும் நான் அடித்துவிடுவேன், அதற்காகக் கோபித்துக்கொண்டு எழுதுவதையே நிறுத்திய நண்பர்களும் உண்டு. சராசரி என்பது ஓர் எண். அதற்கு வாடகை இல்லை, வேலை போன மாதம் இல்லை. அந்த எண்ணை மனிதராக எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை ஆஸ்திரேலியா பட்டு அறிந்தது.

'ரோபோடெப்ட்' என்று மக்கள் பெயரிட்ட திட்டம் அது. அரசு உதவித்தொகை பெற்றவர்கள் சொன்ன வருமானம், வரித் துறையிடம் உள்ள ஆண்டுக் கணக்கோடு முரண்பட்டால், முன்பெல்லாம் ஓர் அலுவலர் விசாரிப்பார். 2016இல் அந்த வேலையைக் கணினியிடம் விட்டார்கள். அது ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டது. ஒரு பெண் ஆறு மாதம் உழைத்து 13,000 டாலர் ஈட்டி, பிறகு வேலையிழந்து உதவித்தொகை வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சல்லிக்காசு வராத வாரங்களிலும் அவர் கைக்கு இரண்டு வாரத்துக்கு 500 டாலர் வந்ததாகக் கணக்குக் காட்டி, வாங்கியதைத் திருப்பிக் கட்டும்படி கடிதம் போகும். பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடியெடுத்து, அது பொய் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தொடக்கத்தில் அனுப்பிய கடிதங்களில் அதற்கென இருந்த உதவிப் பிரிவின் தொலைபேசி எண்கூட இல்லை. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சிக்கினார்கள். வம்பு எதற்கு என்று, படாத கடனைக் கட்டியவர்கள் பலர். நேர்மையும் சட்டமும் அற்ற கொடுமை என்று 2023இல் விசாரணை ஆணையம் எழுதியது.

இத்தனைக்கும் அது செயற்கை நுண்ணறிவுகூட அல்ல, வெறும் வகுத்தல். பிழை எங்கே என்று பள்ளிப் பிள்ளையாலும் காட்ட முடியும். இன்றைய நுண்ணறிவு நிரல்கள் ஏன் அப்படி முடிவெடுத்தன என்பதை, உருவாக்கியவர்களாலேயே பல நேரம் விளக்க முடிவதில்லை. ஆகவே மையம் என்று நான் கருதுவது, அந்தக் கடிதம் யார் வீட்டுக்கு வருகிறதோ அவரை. அவர் கூப்பிட்டால் எடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு முடிவை மாற்றும் அதிகாரமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆபத்து மிகுந்த பயன்பாடுகளில் எந்திரத்தின் முடிவைத் தள்ளிவிடக்கூடிய மனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அந்த மனிதரின் மேசையில் ஒரு நாளைக்கு நூறு கோப்புகளைக் குவித்தால், அவரும் கையெழுத்துப் போடும் எந்திரமாகத்தான் ஆவார்.