வீட்டிலேயே டாப்ளர் வாங்கிக் குழந்தையின் ஹார்ட் பீட் கேட்கலாமா?

29 வாரம் ஆகிறது, ஆன்லைனில் ஒரு டாப்ளர் வாங்கித் தினமும் கேட்டால் நிம்மதியாக இருக்குமே, ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் துடிப்பைப் பேப்பரில் பதிக்கும் சிடிஜி கருவியும் அதுவும் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம் என்பேன். லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அந்தக் கருவியோடுதான் என் பொழுது போகிறது.

டாப்ளர் அல்ட்ராசவுண்ட் அலையை அனுப்பும். உள்ளே எது அசைந்தாலும் அதைச் சத்தமாக்கித் தரும். அது குழந்தையின் இதயமா, அம்மாவின் ரத்தக்குழாயா, நஞ்சுக்கொடிக்குள் ஓடும் ரத்தமா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் நாங்கள் ஒரு கையில் டாப்ளரைப் பிடித்தால் இன்னொரு கையால் அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாக அடித்தால் அது குழந்தை இல்லை, வேறு இடத்தில் தேட வேண்டும். குழந்தைக்கு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கும். ஆனால் பதறிப்போய் வருகிற அம்மாவுக்கும் 110, 120 என்று ஓடும். ஸ்க்ரீனில் வரும் நம்பரை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். 2009-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் இப்படி ஒரு சம்பவம் வந்தது: 38 வாரத்தில் அசைவு குறைந்த ஒரு பெண், வீட்டு டாப்ளரில் சத்தம் கேட்கிறதே என்று இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது குழந்தை உயிரோடு இல்லை.

சிடிஜியில் இரண்டு பெல்ட். ஒன்று இதயத்துக்கு, மற்றது வயிறு இறுகுவதைப் பார்க்க. துடிப்பு இருக்கிறதா என்பதோடு நாங்கள் விடுவதில்லை. குழந்தை அசையும்போது துடிப்பு ஏறுகிறதா என்று பேப்பரில் பார்ப்போம். 32 வாரத்துக்குப் பிறகு என்றால் குறைந்தது 15 துடிப்பு ஏறி 15 விநாடி நிற்க வேண்டும்; அதற்கு முன், உங்களைப் போல 29 வாரத்தில், 10 துடிப்பு ஏறி 10 விநாடி நின்றால் போதும். 20 நிமிடத்தில் இரண்டு முறை வந்தால் திருப்தி. தூங்குகிற குழந்தை என்றால் 40 நிமிடம்கூட ஆகும். நடுவில் கோடு அறுந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் குழந்தை புரண்டிருக்கும், பெல்ட்டை நகர்த்தினால் வந்துவிடும்.

வயிற்றில் ஸ்டிக்கர் ஒட்டிக் குழந்தையின் ஈசிஜி எடுக்கும் கருவிகளும் இருக்கின்றன. யோசனை பழசு, 1906-லேயே மாக்ஸ் கிரேமர் என்ற ஜெர்மன்காரர் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் ஈசிஜியைப் பதிவு செய்தார். ஆனால் குழந்தையின் சிக்னல் ரொம்பச் சின்னது, அம்மாவின் ஈசிஜி அதை அமுக்கிவிடும். போதாததற்கு 28 முதல் 32 வாரம் வரை குழந்தையின் மேல் படிந்திருக்கும் வெள்ளை மாவு போன்ற படலம் சிக்னலைத் தடுக்கும். அதாவது, சரியாக உங்கள் வாரத்தில்.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? அசைவைக் கவனியுங்கள். குறைந்தது போலத் தோன்றினால் இடது பக்கமாகப் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லை என்றாலோ, அசைவே தெரியவில்லை என்றாலோ, ராத்திரி எத்தனை மணியானாலும் ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 'இதுக்கா வந்தீங்க' என்று யாராவது முகம் சுளித்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.