வாய்தா கட்டினாரா, வாங்கினாரா?

காரைக்குடி வீட்டுப் பெட்டகத்தில் கிடைத்த ஐயாவின் கடிதங்களில், ஒன்றில் ‘தேவகோட்டை கோர்ட்டில் வாய்தா ஆயிற்று’, இன்னொன்றில் ‘வயலுக்கு வாய்தா கட்டியாகிவிட்டது’ என்று இருக்கிறதே, தள்ளிவைத்த வழக்குக்கு எதற்குப் பணம் என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், ஐயா யாருக்கும் கையூட்டுத் தரவில்லை.

வாய்தா அரபு வேர் உள்ள சொல். பாரசீகம், உருது வழியாக வந்தது. இந்திப் பாட்டுகளில் அடிக்கடி வரும் ‘வாதா’ இதன் உடன்பிறப்புதான், பொருள் வாக்குறுதி. வாக்குக் கொடுத்தால் அதற்கு ஒரு நாளும் குறிக்க வேண்டுமே? அப்படித்தான் ‘கெடு’, ‘குறித்த நாள்’ என்ற பொருள் ஏறியது. நிலவரி கட்டவேண்டிய கெடு வாய்தா. அப்புறம் அந்த வரிப்பணத்தையே வாய்தா என்றார்கள். ‘வரி வாய்தா’ என்று பெரியவர்கள் சேர்த்தே சொல்வது அதனால்தான். கோர்ட்டில், வழக்கு அடுத்து வரும் நாள் வாய்தா. அந்த நாளிலும் ஒன்றும் நடக்காமல் அடுத்த நாள் குறிப்பதே வழக்கமானதால், நம் காதுக்கு வாய்தா என்றாலே தள்ளிவைப்பு என்று ஆகிவிட்டது!

‘வாய் தா’ என்று பிரித்து வக்கீலின் வாயோடு முடிச்சுப் போட்டிருந்தீர்கள். ரசித்தேன், ஆனால் அது இல்லை. வக்கீல், அமீனா, ஜப்தி எல்லாமே இதே அரபு வழி வந்தவைதான்.

சரி, வயல் கடிதத்தில் ‘பசலி’ (நிலவரிக் கணக்கு ஆண்டு) என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்: பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை.