சமாதானம் ஆகி ஐந்து மாதம் கழித்து நடந்த கடலூர்க் கடற்சண்டை

கேள்வி: இந்தியக் கடலில் ஐரோப்பியர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டதில் உங்களால் மறக்க முடியாத சண்டை எது?

1783 ஜூன் 20, கடலூர். இங்கிலாந்தும் பிரான்சும் அதே ஆண்டு ஜனவரி 20 அன்றே வெர்சாயில் முதற்கட்ட சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. சரியாக ஐந்து மாதம் ஆகியும் சேதி இங்கே வந்து சேரவில்லை.

கடலூர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. உள்ளே தளபதி புஸ்ஸி, வெளியே முற்றுகை போட்டு ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட், கடல் பக்கம் 18 போர்க்கப்பல்களோடு அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ். திருகோணமலையிலிருந்து பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் புஸ்ஸிக்கு உதவியாக வருகிறார், 15 கப்பலோடு. ஹியூஸுக்கும் சுஃப்ரெனுக்கும் இது ஐந்தாவது சண்டை. முந்தைய ஆண்டே சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று இந்தக் கரையில் இரண்டு, இலங்கைப் பக்கம் இரண்டு. ஐந்திலும் ஒருவர் கப்பலை ஒருவர் பிடிக்கவும் இல்லை, மூழ்கடிக்கவும் இல்லை!

சுஃப்ரெனிடம் கப்பலும் குறைவு, ஆளும் குறைவு. ஹியூஸ் சற்று விலகிய நேரம் பார்த்து ஊருக்கு முன்னால் நங்கூரம் போட்டு, புஸ்ஸியிடம் 1,200 பேரை இரவல் வாங்கினார். பாதிப் பேர் ஐரோப்பியர், பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். கடலூரில் அப்போது பெரிய கப்பல் வந்து நிற்கத் துறைமுகம் கிடையாது. ஆளோ தண்ணீரோ, படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேர் அதற்கு முன் கப்பலில் கால் வைத்திருப்பார்கள்? அவர்கள்தான் பீரங்கிப் பக்கம் நின்றார்கள். எனக்கு இந்தப் போரில் பிடிபடாமல் நிற்பது அவர்கள் முகம்தான். ஒரு பெயர்கூட நமக்குத் தெரியாது.

அப்புறம் இன்னொரு கூத்து. மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் பிரெஞ்சு அட்மிரல் ஒருவர் தன் கப்பலோடு பிடிபட்டதால், இனி அட்மிரல்கள் சண்டையிடும் கப்பல் வரிசைக்கு வெளியே சின்னக் கப்பலில் நின்றுதான் நடத்த வேண்டும் என்று மன்னர் உத்தரவு. எப்போதும் முன்னால் நிற்கும் சுஃப்ரென், அன்று கிளியோபாத்ரா என்ற சிறு கப்பலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று மேற்கிலிருந்து, மீனவர்கள் கச்சான் என்பார்களே, அது. மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணி நேரம் சுட்டுத் தள்ளினார்கள். ஆங்கிலேயர் 99 பேர், பிரெஞ்சுக்காரர் 102 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் இருபக்கமும் சேர்த்து 820.

வெற்றி தோல்வி இல்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு. என் கணக்கில் சுஃப்ரென் ஜெயித்தார். குடிதண்ணீர் தட்டுப்பாடு, ஸ்கர்வி நோய் எல்லாம் சேர்ந்து ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். கடல் பக்கத் துணை போனதும் ஸ்டூவர்ட்தான் பொறியில் மாட்டியவர் போல ஆனார். ஜூன் 29 அன்று வெள்ளைக்கொடியோடு ஒரு ஆங்கிலக் கப்பல் சமாதானச் சேதி கொண்டுவந்தது. உடன்படிக்கைப்படி கடலூர் ஆங்கிலேயருக்கே போனது.

ஊர் திரும்பும் வழியில் சுஃப்ரென் நன்னம்பிக்கை முனையில் நின்றபோது, அவரோடு மோதிய ஆங்கிலக் கப்பல்கள் சிலவும் அங்கே இருந்தன. அவற்றின் கேப்டன்கள் தேடிப்போய் அவருக்கு மரியாதை செய்தார்கள்.